சந்தின் மேல் சந்து வரக் கூடாது: வீடு கட்டப் போகிறவர்களுக்குச் செங்கல் சுவர் அறிமுகம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் ஓர் அக்கா வீடு கட்டத் தொடங்கியிருக்கிறார். கணவர் வெளிநாட்டில் இருப்பதால் வேலையிடத்தில் நின்று எல்லாவற்றையும் பார்ப்பவர் அக்காதான். சென்ற மாதம் மேஸ்திரி அவரிடம், "பேஸ்மட்டம் முடிந்துவிட்டது அம்மா. இனி லிண்டல் மட்டம் வரை ஒன்பதையும் நாலரையையும் ஏற்றிவிட்டால் சென்ட்ரிங் அடித்துவிடலாம். அடுத்த தவணையைக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறார். அக்கா தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டார். மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "நாலரை என்றால் எதில் நாலரை அம்மா?"

என் அப்பா நாற்பது ஆண்டுகள் கொத்தனாராக வேலை செய்தவர். நான் கட்டுமானத்தில் டிப்ளமோ படித்து, இப்போது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து அன்று இரவு எட்டு மணி வரை அக்காவுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாழ்நாள் சேமிப்பைச் சுவரில் போடுகிற ஒருவருக்கு அந்தச் சுவரின் பெயர்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெயர் தெரிந்தால்தான் கேள்வி கேட்க முடியும்.

எதில் நாலரை?

அங்குலத்தில். பழைய அளவுச் செங்கல் 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம். கல்லை நீளவாக்கில் ஒற்றையாக வைத்துக் கட்டினால் சுவரின் கனம் 4½ அங்குலம். அதுதான் நாலரைச் சுவர். இரண்டு கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலோ ஒரு கல்லைக் குறுக்காகப் போட்டாலோ கனம் 9 அங்குலம். அது ஒன்பது அங்குலச் சுவர். வெளிச்சுவர் பெரும்பாலும் ஒன்பது. அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவர் நாலரை.

இந்திய தர நிர்ணயம் சொல்லும் அளவு இதிலிருந்து வேறுபட்டது: 190 மில்லிமீட்டர் நீளம், 90 அகலம், 90 உயரம். கலவையின் கனத்தையும் சேர்த்தால் 200, 100, 100 என்று கணக்குக்கு வசதியாக வரும். ஆனால் நம் பக்கத்துச் சூளைகளில் வார்க்கும் நாட்டுக்கல் இந்த இரண்டு அளவிலும் சரியாக அடங்குவதில்லை. சூளைக்குச் சூளை கால் அங்குலம், அரை அங்குலம் கூடும், குறையும். அதனால் "ஆயிரம் கல் என்ன விலை" என்று கேட்பதற்கு முன்னால் ஒரு கல்லைக் கையில் எடுத்து அளந்து பாருங்கள். முழு அளவுக் கல்லாக இருந்தால் நாலரைச் சுவரில் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கல் போகும், ஒன்பதில் 10 போகும். கல் சிறுத்தால் இந்த எண்ணிக்கை கூடும், கலவையும் கூடும். மலிவாக வாங்கிய கல் அங்கேதான் பணத்தைத் திரும்பக் கேட்கும்.

அளவு பற்றி இன்னொரு சொல்லும் காதில் விழும்: நூல். "இரண்டு நூல் ஏறியிருக்கிறது" என்று கொத்தனார் சொன்னால் கால் அங்குலம் என்று பொருள். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்.

கீழிருந்து மேலே

முதலில் வானம் தோண்டுவார்கள். அடித்தளத்துக்காகப் பூமியில் வெட்டும் குழிக்கு நம் ஊரில் வானம் என்றே பெயர். முதல்முறை கேட்பவருக்கு வியப்பாக இருக்கும். குழியின் அடியில் ஒன்றரை அங்குல ஜல்லி போட்டுக் கான்கிரீட் படுக்கை. அதன் மேல் கடைக்கால். முன்பு கருங்கல்லிலோ செங்கல்லிலோ கடைக்காலைக் கீழே அகலமாகத் தொடங்கி, படிப்படியாகக் குறுக்கிக்கொண்டே மேலே வருவார்கள். வீட்டின் பாரத்தை அகலமான மண்ணில் பரப்புவதற்காகத்தான் அந்த அகலம். இன்று பெரும்பாலும் தூண்களுக்குத் தனித்தனியே கான்கிரீட் பாதம் போடுகிறோம். வேலை அதேதான்.

தரைமட்டத்துக்கு மேலே எழும்பி, வீட்டின் தளம் உட்காரும் மேடைதான் பேஸ்மட்டம். ஆங்கிலத்தில் பேஸ்மென்ட் என்றால் பூமிக்குக் கீழே இருக்கும் அறை. நம் கொத்தனார்கள் அந்தச் சொல்லை எடுத்து, மட்டம் என்கிற தமிழ்ச் சொல்லோடு இணைத்து, பூமிக்கு மேலே இருக்கும் மேடைக்குச் சூட்டிவிட்டார்கள். எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும். வேலை தெரிந்தவர்கள் உண்டாக்கிய சொல் அது. பேஸ்மட்டத்தின் உள்ளே மண்ணை ஒரே மூச்சில் கொட்டி நிரப்பக் கூடாது. அரை அடி, முக்கால் அடி என்று அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு தரையில் டைல்ஸ் உள்வாங்கும்.

கடலூர் மாதிரி நிலத்தடி நீர் உயரத்தில் நிற்கும் ஊரில் பேஸ்மட்டத்தின் தலையில் ஈரம் தடுக்கும் ஒரு படலம் கட்டாயம் வேண்டும். நீர்த்தடுப்புப் பொருள் கலந்த கான்கிரீட்டை ஒன்றரை அங்குலக் கனத்துக்குச் சுவர் முழுவதும் ஓட்டுவார்கள். சில வீடுகளில் பேஸ்மட்டத்தின் தலையில் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டையான பிளின்த் பீமே அந்த வேலையைப் பாதி செய்துவிடும். இது இல்லாத சுவர், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் மண்ணின் ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். சுவரின் அடியில் மூன்று அடி உயரத்துக்குப் பெயிண்ட் உரிந்து நிற்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள்.

பேஸ்மட்டத்துக்கு மேலே ஜன்னலின் அடி மட்டம், அதற்கு மேலே கதவு ஜன்னல்களின் தலைக்கு மேல் லிண்டல், அதற்கும் மேலே ரூஃப் (அதை வார்க்கப் பலகையும் முட்டும் வைத்து அடிப்பதுதான் சென்ட்ரிங்), ரூஃபின் விளிம்பில் கைப்பிடிச் சுவர். தவணைப் பணம் கேட்பதும் இந்த மட்டங்களை வைத்துத்தான். ஒரு சின்னக் கணக்கு: 3 அங்குலக் கல்லும் ஒரு சென்டிமீட்டர் கலவையும் சேர்ந்தால் ஒரு வரி, அதாவது கல்லின் ஒரு வரிசை, ஏறக்குறைய 85 மில்லிமீட்டர். அப்படி 25 வரி கட்டினால் 2125 மில்லிமீட்டர், அதாவது ஏழு அடிக்கு ஏறக்குறைய மூன்று நூல் குறைவு. ஏழடி உயரக் கதவின் லிண்டல் அங்கே வந்து உட்காரும். அக்கா மறுநாளே போய் வரிகளை எண்ணிவிட்டு வந்தார்.

கல் சொல்லும் சேதி

அப்பா செங்கல் வாங்கப் போனால் சூளைக்காரரிடம் பேசுவதற்கு முன் கல்லோடு பேசிவிடுவார். இரண்டு கல்லை இரண்டு கையிலும் எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். நன்றாக வெந்த கல் கணீர் என்று உலோகம்போல் ஒலிக்கும். வேகாத கல்லில் ஒலி செத்திருக்கும். பிறகு கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்ப்பார். கோடு விழுந்தால் அந்தக் குவியலைத் தாண்டிப் போய்விடுவார். மூன்றடி உயரத்திலிருந்து தட்டையாக மண்தரையில் போடுவார், உடையக் கூடாது. கடைசியாக ஒரு கல்லை உடைத்து உள்ளே பார்ப்பார். உள்ளும் புறமும் ஒரே நிறமாக, கட்டியோ கல்லோ ஓட்டையோ இல்லாமல் இருக்க வேண்டும். உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி தெரிந்தால் அது ஆபத்து. சுவரில் ஏறிய பிறகு ஈரம் பட்டு அது ஊதும், கல்லைப் பிளக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, துடைத்து மீண்டும் எடை போடுங்கள். சாதாரணத் தரக் கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. 3 கிலோ கல் 3 கிலோ 600 கிராமைத் தாண்டினால் வேறு சூளையைப் பாருங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு தட்டில் ஓர் அங்குலத் தண்ணீர் ஊற்றி, கல்லை அதில் செங்குத்தாக நிறுத்தி, நிழலில் விட்டுவிடுங்கள். தண்ணீர் முழுக்க வற்றியதும் மறுபடி ஒருமுறை ஊற்றி வற்ற விடுங்கள். கல்லின் மேல் வெள்ளைப் பொடி பூத்தால் அது உப்பு. ஓரத்தில் லேசாகப் பூத்தால் பொறுக்கலாம். பாதி முகத்தை மூடினால் அந்தக் கல் உங்கள் பூச்சையும் பெயிண்டையும் ஆண்டுதோறும் தின்னும்.

நெய்வேலியின் அனல்மின் நிலையங்கள் நம் மாவட்டத்திலேயே இருப்பதால் சாம்பல் கல்லும் இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. அதைச் சூளையில் சுடுவதில்லை. சாம்பலோடு சிமெண்டோ சுண்ணாம்போ கலந்து அச்சில் அழுத்தித் தண்ணீர் காட்டி இறுக வைக்கிறார்கள். விளிம்பு நேராக இருக்கும், அளவு மாறாது, பூச்சுக்கலவை குறையும். ஆனால் வார்த்த ஈரம் உலராத கல்லை அவசரமாகச் சுவரில் ஏற்றினால், அது சுருங்கும்போது சுவரில் மயிரிழை விரிசல் விடும். வாங்கும் கல் எத்தனை நாளுக்கு முன் வார்த்தது என்று கேளுங்கள்.

கலவை

"ஒன்றுக்கு ஆறு" என்றால் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல். ஒன்பது அங்குலச் சுவருக்கு அது போதும். மெலிந்த நாலரைச் சுவருக்கு ஒன்றுக்கு நாலு. சிமெண்ட் கூடினால் சுவர் வலுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தவறு. கலவை கல்லைவிடக் கெட்டியாக இருந்தால், வீடு சற்றே அசையும்போது கலவைக்குப் பதில் கல் பிளக்கும். சிமெண்ட் அதிகமான கலவை காயும்போது சுருங்குவதும் அதிகம்.

பங்கு என்பதை எதில் அளப்பது என்பதில்தான் ஏமாற்றம் நடக்கிறது. மணலைச் சட்டியில் அள்ளினால் ஒரு சித்தாள் கோபுரமாக அள்ளுவார், இன்னொருவர் தலைதட்டி அள்ளுவார். ஒரு மரப்பெட்டி செய்துகொள்ளுங்கள்: உள்ளளவு 15 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம். அது சரியாக ஒன்றேகால் கன அடி. 50 கிலோ சிமெண்ட் மூட்டையின் கொள்ளளவும் அதுவே. ஒரு மூட்டைக்கு ஆறு பெட்டி மணல். சண்டையே வராது.

கடல் மணலும் உவர்த் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். தேவனாம்பட்டினம் பக்கம் சில கிணறுகளில் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். "சுவருக்குத்தானே, குடிக்கவா போகிறோம்" என்று அந்தத் தண்ணீரில் கலவை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். உப்பு சுவரில் பூப்பதோடு நிற்காது. பக்கத்திலிருக்கும் தூணின் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். குடிக்கத் தகுந்த தண்ணீர்தான் கலவைக்கும் தகுந்தது.

தண்ணீர் விட்டுக் குழைத்த சிமெண்ட் கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். சாப்பாட்டு வேளைக்கு முன் குழைத்ததில் மாலையில் மீண்டும் தண்ணீர் தெளித்து உயிர் கொடுக்கப் பார்ப்பார்கள். அது திரும்பி வராது. செங்கல்லையும் முன்னதாகத் தொட்டியில் ஊறப் போட வேண்டும். கல்லிலிருந்து குமிழி வருவது நிற்கும்வரை ஊறினால் போதும். காய்ந்த கல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும். சிமெண்ட் இறுகத் தண்ணீர் இல்லாமல் மணலாக உதிரும்.

சுவர் எழும்பும் விதம்

இனிதான் விஷயத்தின் மையம். மறுநாள் காலை அப்பாவும் நானும் அக்காவின் மனைக்குப் போனோம். அப்பா கட்டுவேலைக்குப் போவதை நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் வேலையிடத்துக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். அது அவர் பழக்கம்.

ஒரு கொத்தனார் சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கட்டிக்கொண்டு போவதில்லை. முதலில் இரண்டு மூலைகளையும் நான்கைந்து வரி உயரத்துக்குப் படிப்படியாக எழுப்புவார். மூலைமட்டம் வைத்துச் செங்கோணம் பார்ப்பார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவர் நேர்செங்குத்தா என்று பார்ப்பார். ரசமட்டத்தை மேலே வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். மூலை சரியானால் அங்கிருந்து இங்கே நூல் பிடிப்பார். நூல் பிடித்த பிறகு நடுவில் கல் வைப்பது கை வேலை. கண்ணுக்கும் கருத்துக்கும் வேலை மூலையில்தான். கரணையால் கலவையை எடுத்து நூலுக்குக் கீழே விரித்து, கல்லின் பக்கவாட்டிலும் ஓர் இழுப்பு கலவை அப்பி, கல்லை வைத்து, கரணையின் பிடியால் இரண்டு தட்டு. கல் நூலைத் தொடக் கூடாது. ஒரு காகிதம் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். ஒரு கல் நூலைத் தள்ளிவிட்டால் அதன் பின் வரும் கற்கள் எல்லாம் அந்தத் தவறைப் பின்பற்றும். சுவர் வயிறு தள்ளுவது இப்படித்தான்.

கல்லின் ஒரு முகத்தில் சூளைக்காரரின் எழுத்து பதிந்த பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் மேலே பார்க்க வேண்டும். அதில் கலவை நிறைந்து மேல் கல்லோடு கோத்துக்கொள்ளும். பள்ளத்தைக் கவிழ்த்து வைத்தால் உள்ளே காற்றறைதான் மிஞ்சும்.

அக்காவுக்குச் சுவரின் இரகசியத்தைக் காட்ட அப்பா எதிர்க் கடையிலிருந்து ஒரு பொட்டலம் தீப்பெட்டி வாங்கி வரச் சொன்னார். கலவைப் பலகையின் மேல் தீப்பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதை ஒட்டி இன்னோர் அடுக்கு, அதை ஒட்டி மற்றோர் அடுக்கு என்று மூன்று அடுக்கு வைத்தார். பார்க்கச் சுவர்போலத்தான் இருந்தது. நடு அடுக்கை விரலால் தள்ளினார். அது மட்டும் தனியே சரிந்தது. பிறகு மறுபடி அடுக்கினார். இந்த முறை மேல்வரிப் பெட்டி ஒவ்வொன்றும் கீழ்வரிப் பெட்டிகள் இரண்டின் மேல் பாதிப் பாதி உட்கார்ந்தது. உச்சியில் ஒரு பெட்டியை அழுத்தினால் அந்த அழுத்தத்தைக் கீழே இரண்டு பெட்டிகள் வாங்கின, அவற்றின் கீழே மூன்று. "பார்த்தாயா அம்மா, பாரம் விரிந்து இறங்குகிறது. ஒரு கல்லின் சுமையைச் சுவரே பங்கு போட்டுக்கொள்கிறது. அதனால்தான் சந்தின் மேல் சந்து வரக் கூடாது என்கிறோம்" என்றார்.

பக்கத்துப் பக்கத்துக் கற்கள் இரண்டு சேரும் இடம்தான் சந்து. கற்களை இப்படிக் கோத்து வைக்கும் முறைக்குப் பெயர் பிணைப்பு. பாண்டு என்றும் சொல்வார்கள். நாலரைச் சுவரில் இது எளிது: எல்லாக் கல்லும் நெடுக்காக, ஒவ்வொரு வரியும் அரைக்கல் தள்ளி. மூன்று நான்கு வரிக்கு ஒருமுறை 6 மில்லிமீட்டர் கம்பி இரண்டை வரிக்குள் ஓட்டினால் மெலிந்த சுவருக்கு நல்ல பிடிமானம்.

ஒன்பது அங்குலச் சுவரில்தான் திறமை தெரியும். அங்கே கல்லை நெடுக்காகவும் வைக்கலாம், குறுக்காகவும் வைக்கலாம். ஒரு வரி முழுக்க நெடுக்குக் கல், அடுத்த வரி முழுக்கக் குறுக்குக் கல் என்று மாறி மாறி வந்தால் அது இங்கிலீஷ் பாண்டு. ஒரே வரியில் ஒரு நெடுக்கு, ஒரு குறுக்கு என்று மாறி வந்தால் ஃபிளெமிஷ் பாண்டு. பார்வைக்கு அழகு, வலுவில் இங்கிலீஷுக்குச் சற்றுப் பின்னே. கல்லைக் கிடத்தாமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றறை விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு ஒன்றும் உண்டு. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அதைப் பரப்பினார். நான்கில் ஒரு பங்கு கல் மிச்சமாகும், வெயில் உள்ளே இறங்காது. கை தேர்ந்த கொத்தனார் கிடைத்தால் மட்டும் அதில் இறங்குங்கள்.

இங்கிலீஷ் பாண்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு குறுக்குக் கல்லின் அகலம் சேர்ந்தால் ஒரு நெடுக்குக் கல்லின் நீளம். ஆகவே மூலையிலிருந்து நேராகத் தொடங்கினால் 9 அங்குலத்தில், 18 அங்குலத்தில், 27 அங்குலத்தில் மேல்வரிச் சந்தும் கீழ்வரிச் சந்தும் ஒன்றன் மேல் ஒன்று வந்து நிற்கும். இதைத் தவிர்க்க, குறுக்கு வரியில் மூலையின் முதல் கல்லை அடுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த இரண்டேகால் அங்குலத் துண்டு ஒன்றை வைப்பார்கள். அந்த ஒரு துண்டு, வரி முழுவதையும் கால் கல் தள்ளி விட்டுவிடும். அதன் பிறகு எந்தச் சந்தும் எந்தச் சந்தின் மேலும் வராது. அப்பா கரணையின் விளிம்பால் இரண்டு வெட்டில் அந்தத் துண்டை எடுத்துக் காட்டினார். அந்தத் துண்டை மூலையின் முதல் கல்லாக வைக்கக் கூடாது. விளிம்பில் நின்றால் பெயர்ந்துவிடும். இரண்டாவதாகத்தான் வைக்க வேண்டும்.

இப்படிச் சொல்லிக்கொண்டே நடந்தவர் பின்பக்கச் சுவர் வந்ததும் நின்றுவிட்டார். ஒன்பது அங்குலச் சுவர். ஒன்பது வரி எழும்பியிருந்தது. எல்லா வரியிலும் கல்லின் நீள முகம் மட்டுமே தெரிந்தது. கல்லின் சின்ன முகம், அதாவது நாலரைக்கு மூன்று அங்குலத் தலை, ஓரிடத்தில்கூட இல்லை. "குறுக்குக் கல் எங்கே?" என்று கேட்டார். அங்கே வேலை செய்தவர்கள், வேகமாக ஏற்றுவதற்காக நெடுக்காகவே இரண்டு வரிசை ஒட்டி வைத்ததாகச் சொன்னார்கள். அப்படியானால் அது ஒன்பது அங்குலச் சுவரே அல்ல. இரண்டு நாலரைச் சுவர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். நடுவில் அடியிலிருந்து முடிவரை ஒரே சந்து. பாரம் ஏறினால் ஒன்று உள்ளே சாயும், ஒன்று வெளியே சாயும். யாரும் குரலை உயர்த்தவில்லை. மேஸ்திரி வந்து பார்த்தார், ஒப்புக்கொண்டார், அன்று மாலைக்குள் அந்த வரிகளை இறக்கிவிட்டுக் குறுக்குக் கல் போட்டுக் கட்டினார்கள்.

வீடு கட்டும் யாரும் இந்த ஒன்றை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது அங்குலச் சுவரின் முன் நில்லுங்கள். சின்ன முகங்கள் ஒரு வரி விட்டு ஒரு வரியோ, ஒரு கல் விட்டு ஒரு கல்லோ தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றே கேளுங்கள். பூச்சு ஏறிய பிறகு அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

ஒரே நாளில் ஐந்தடிக்கு மேல் ஏற்ற விடாதீர்கள். கீழே உள்ள கலவை இறுகுவதற்குள் மேல் பாரம் அதைப் பிதுக்கிவிடும். அன்றைய வேலையை முடிக்கும் இடத்தில் சுவரைச் செங்குத்தாக வெட்டி நிறுத்தாமல் படிப்படியாக இறக்கி விட வேண்டும். மறுநாள் தொடரும் கல் அந்தப் படிகளில் ஏறிக் கோத்துக்கொள்ளும். குறுக்குச் சுவர் பிற்பாடு வரும் இடங்களில் பல் விட்டு, அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரியில் கல்லை வெளியே நீட்டி விட்டு, கட்டுவார்கள். அவசியம் இருந்தால் மட்டும்.

பழைய சுவர்கள்

புதுச்சேரி வைசியாள் தெருவில் ஒரு பழைய வீட்டைச் செப்பனிடும்போது, பூச்சு பெயர்ந்த ஓரிடத்தில் நான் அரைமணி நேரம் நின்றுவிட்டேன். இன்றைய கல்லைப்போல் பருமனில்லை; பலகைபோல் மெல்லிய கற்கள். நடுவே சுண்ணாம்புச் சாந்து விரற்கனத்துக்கு. சந்தை விரலால் தேய்த்தால் லேசாகப் பொடிந்தது. ஆனால் சுவர் அசையவில்லை. சுண்ணாம்பு இறுக மாதக்கணக்கில் ஆகும். காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகும். அந்த மெதுவான இறுக்கமே அதன் பலம். சுவர் அசைந்தால் அதுவும் கூடவே அசைந்து கொடுக்கும், ஈரத்தை வெளியே மூச்சாக விட்டுவிடும். அப்படிப்பட்ட சுவரில் விரிசல் கண்ட இடத்தில் சிமெண்ட் பூசுவதுதான் நாம் செய்யும் பெரிய கேடு. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று செங்கல்லை அரிக்கும்.

அந்த வீடுகளின் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு விட்டங்களின் மேல் சிறிய மெல்லிய செங்கல்லை விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டத்தில் சுண்ணாம்புச் சாந்தில் கோத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதிப்பார்கள். கம்பியே இல்லாத தளம். ஆனால் அதற்கு ஆண்டுதோறும் கவனிப்பு வேண்டும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த, நகராட்சி அலுவலகமாக இருந்த மேரி கட்டடம் பழுதுபார்க்கப்படாமல் கிடந்து, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். இடிபாடு கிடந்த நாட்களில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அப்பா பஸ்ஸின் மறுபக்க ஜன்னலைப் பார்ப்பார்.

செங்கல் வேலை நம் கரைக்குப் புதிதன்று. புதுச்சேரி அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேட்டை 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது ரோமானிய வணிகக் காலத்துப் பானை ஓடுகளோடு செங்கல் கட்டடங்களும் செங்கல் தொட்டிகளும் வெளிப்பட்டன. அங்கும் ஒருவர் நூல் பிடித்திருப்பார்.

துளைகள், தூண்கள், காடிகள்

கதவும் ஜன்னலும் சுவரில் துளை. துளைக்கு மேல் உள்ள பாரத்தை இருபுறமும் கடத்தும் குறுக்குக் கட்டைதான் லிண்டல். அது இரண்டு பக்கமும் சுவரில் குறைந்தது 6 அங்குலம், முடிந்தால் 9 அங்குலம் ஏறி உட்கார வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த உட்காரலைத்தான். வீடு முழுக்கச் சுற்றி ஒரே பட்டையாக லிண்டல் ஓட்டினால் செலவு சற்றுக் கூடும். புயலும் வெள்ளமும் மாறி மாறி வரும் கடலூரில் அது வீண்செலவு இல்லை.

அக்காவின் வீட்டைப்போல் கான்கிரீட் தூணும் பீமும் உள்ள வீடுகளில் கூரையின் பாரம் தூண்கள் வழியே இறங்குகிறது. சுவர் இடைவெளியை நிரப்புகிறது. அதனால் சுவர் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துவிட வேண்டாம். தன் பாரத்தையும் காற்றின் தள்ளலையும் சுவரே தாங்க வேண்டும். தூணும் செங்கல்லும் வெயிலில் விரியும் அளவு வேறு வேறு. ஆகவே அவை சந்திக்கும் கோட்டில் விரிசல் வரும். பூசும் முன் அந்தக் கோட்டின் மேல் கோழி வலையை ஆணியடித்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

மதில் சுவருக்குத் தூண் விடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. மறுநாள் காலை எங்கள் பகுதியில் சுற்றிப் பார்த்தபோது, நீளமான நாலரை மதில்கள் தெருவில் படுத்துக் கிடந்தன. பத்தடிக்கு ஒன்றாகத் தடித்த தூண் விட்டுக் கட்டிய மதில்கள் நின்றன. இந்தக் கரையெல்லாம் வளரும் சவுக்குத்தான் நமக்குச் சாரமும் முட்டும். அந்தப் புயலில் சவுக்குத் தோப்புகளே சாய்ந்தபோது, பிடிமானமில்லாத மதில் எப்படி நிற்கும்?

கட்டிய சுவருக்குத் தண்ணீர் காட்டுவதில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. குறைந்தது 7 நாள். இப்போது அதிகம் விற்கும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு 10 நாள். காலையில் ஒருமுறை தெளித்துவிட்டு விடுவது போதாது. சுவர் காயக் கூடாது. வெயில் நாளில் மூன்று நான்கு முறை நனைக்க வேண்டியிருக்கும்.

சுவர் முடிந்ததும் மின் வேலைக்காரர் வருவார். குழாய் புதைக்கச் சுவரில் காடி வெட்டுவார். இங்கே நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். காடி செங்குத்தாகப் போகட்டும், படுக்கைவாட்டில் வேண்டாம். சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது. நாலரைச் சுவரில் அது வெறும் ஒன்றரை அங்குலம். சுத்தியலும் உளியும் கொண்டு அடித்தால் பச்சைக் கலவை அதிர்ந்து பிடிவிடும். வெட்டும் இயந்திரத்தால் இரண்டு கோடு அறுத்துவிட்டு நடுவை மட்டும் பெயர்க்கச் சொல்லுங்கள். அக்காவின் வீட்டில் அடுத்த வாரம் அந்த வேலை. அவர் இப்போதே ஒரு சாக்கட்டியும் அளவு நாடாவும் வாங்கி வைத்திருக்கிறார்.